உத்தனப்பள்ளியில் வாங்கிய கிட்டார்

எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஆசைப்பட்டு என்னை மேடையேற்றிவிடக் கூடாது. ஒருமுறை ஏற்றியும் பார்த்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் குடும்ப விழாவில் ஒரு பழைய பாட்டின் முதல் நான்கு வரிகளை வாசித்து முடித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். முன்வரிசையில் இருந்த மேனேஜர், நான் அதுவரை கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறார். “ரெடியா? ஆரம்பிங்க” என்றார்.

வாசிக்கத்தான் தெரியாது. பார்க்கத் தெரியும். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். சின்னப் பட்டறைகளிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே அனுப்புவதும், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதும் என் வேலை. குறை கண்டுபிடிக்க மாதச் சம்பளம் வாங்கும் ஆள். இத்தனை வருடம் இதையே செய்தால் கண்ணே அப்படி ஆகிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் எங்கே கிழிசல் என்றுதான் முதலில் தேடுவேன். என் மனைவி சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்: “பொண்ணு பாக்க வந்தப்ப இவரு என்னையப் பாக்கவே இல்லீங்க. காபி டம்ளர்ல நெளிசல் இருக்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.”

மேடையில் மானத்தை வாங்கிய அந்த கிட்டாரை விற்கப் போன இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது. பெங்களூரில் ஒரு கடை. கடைக்காரர் என்னுடையதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிழட்டு கிட்டார் தொங்கியது. வார்னிஷ் உரிந்து, விளிம்பெல்லாம் தேய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. சும்மா விலை கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் தெருவில் மாடி வீட்டைக் குத்தகைக்கு எடுத்துவிடலாம். அமெரிக்காவில் அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் செய்தது, மரம் காயக் காய ஒலி முதிர்ந்துகொண்டே போகும், இந்தியாவில் கிடைப்பதே அபூர்வம் என்றார். எனக்கு உடனே எங்கள் ஊர் பாகலூர் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடை ஞாபகம் வந்தது. அங்கே உடைந்த மிக்சிகளுக்கு நடுவில் இதே ஜாடையில் ஒன்றைப் பார்த்திருந்தேன். கடைக்காரரிடம் மூச்சுவிடவில்லை. கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்காமல் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

ஓசூர் அந்த மாதிரி ஊர். கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் மெஷின்களை நிறுவிக் கொடுக்க வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து வருடக்கணக்கில் தங்கினார்கள். போகும்போது தூக்கிச் செல்ல முடியாததையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு எல்லா மாநிலத்து ஆட்களும் வேலைக்கு வந்தார்கள், வீடு மாறினார்கள், பரணைக் காலி செய்தார்கள். அதெல்லாம் கடைசியில் எடைக்கு வந்து சேரும். நான் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். ஏழெட்டு வருடத்தில் பதினோரு கிட்டார்கள் வாங்கி விற்றேன். அதில் இரண்டைத்தான் நல்ல சாமான் என்று சொல்லலாம். மற்றவை என் வாசிப்புக்குத் தகுந்தவை.

இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது. நிலம் வாங்குகிறவன், பக்கத்தில் பைபாஸ் வரப்போகிறது என்று விற்கிறவனிடம் சொல்லிவிட்டா வாங்குகிறான்? இங்கே பாதி லேஅவுட் அப்படி உருவானதுதானே? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எந்த வருடத்து கிட்டாரின் வயிற்றுக்குள் கட்டை எப்படி ஒட்டியிருக்கும் என்று படித்தவன் நான். அந்தப் படிப்புக்குக் கூலி வேண்டாமா? இருந்தாலும் எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். தெரிந்ததை எல்லாம் சொல்லவும் மாட்டேன். குறை சொல்வேன், ஆனால் இருக்கிற குறையைத்தான் சொல்வேன். விரிசல் இருந்தால் விரிசல் என்பேன். கழுத்து வளைந்திருந்தால் வளைந்திருக்கிறது என்பேன். கேட்கிறவர்கள் அதை வைத்து இது விறகுதான் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டால் அது அவர்கள் பாடு. நான் ரொம்ப யோக்கியன் என்று எனக்கு நானே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய இரும்புக் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னிடம் தமிழில் மிரட்டுவார். போன வருடம் ஒரு சனிக்கிழமை போன் செய்தார்.

“அண்ணா, உங்க ஐட்டம் ஒண்ணு கீது. உத்தனப்பள்ளி. எடைக்குப் போட கூப்டாங்க, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். போட்டோ அனுப்சிருக்கேன் பாருங்க. கமிசன் மறக்கக் கூடாது. போன தடவ மாதிரி ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடுத்து ஓட்டிட்டீங்கன்னா நான் மனுசனாவே இருக்க மாட்டேன்.”

“இப்ப மட்டும் இருக்கியா?” என்றேன்.

படத்தில் ஓர் உரச் சாக்கின் வாயிலிருந்து கிட்டாரின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் இருந்த பெயரின் எழுத்து பாதி அழிந்திருந்தது. மிச்சமிருந்த பாதியே எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியை நின்றபடியே தின்றுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ராயக்கோட்டை சாலையில் தக்காளி ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, உத்தனப்பள்ளி தாண்டி மண் பாதையில் திரும்பினால் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கொட்டகைகள். அவற்றுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. விற்கிற அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். அந்தக் கொட்டகை ஒன்றில் ரோஜாக்களைக் காம்பின் நீளத்தை வைத்துப் பிரித்துக் கட்டும் வேலை. விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. நீளம் குறைந்தால் தனியாக ஒதுக்கிவிட வேண்டுமாம். ‘அட, நம்ம டிபார்ட்மென்ட்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கட்டிலில் அந்தச் சாக்கு கிடந்தது. நான் கையை நீட்டினேன். அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சார், வெல அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும்.”

“சொல்லுங்கம்மா.”

அவருடைய கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தவர். மெஷின் நிறுவ வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு இரண்டு வருடம் கார் ஓட்டியிருக்கிறார். அந்த ஆள் ஊருக்குத் திரும்பும்போது இதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“அவரு வாயத் தெறந்தா டூப்பு சார். ஊருல அவருக்குப் பேரே டூப்பு டிரைவருதான். தளி ரோட்டுல யானை வழி மறிச்சுதாம், இவரு எறங்கிப் போயி ‘நகருடா கண்ணு, ஆபீசுக்கு லேட்டாவுது’ன்னாராம், அது நகந்துதாம். அந்த வெள்ளக்காரரு நம்மூட்டுல ஒக்காந்து ஒம்போது களி உருண்ட தின்னாருன்னுவாரு. கல்யாணம் பண்ணி வந்த எனக்கே தெரியாம எப்ப வந்து தின்னாரோ.” சிரித்தார். பிறகு சாக்கைத் தடவினார். “நூறு சொல்லுவாரு, அன்னைக்கு ராத்திரியே அவரே மறந்துருவாரு. இது ஒண்ண மட்டும் கடைசி வரைக்கும் மாத்தாமச் சொன்னாரு. இது அசல் அமெரிக்கா கிட்டாரு, வித்தா ஒரு மன வாங்கலாம், எடைக்குப் போட்டுறாதன்னு. நெசமா, டூப்பா? அது மட்டும் சொல்லுங்க சார். அதுக்குத்தான் ஒங்களக் கூப்புடச் சொன்னேன்.”

சாக்கை உருவினேன். கம்பிகள் துருப்பிடித்து இரண்டு அறுந்திருந்தன. மேல்பலகை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் விரலளவு விரிசல். கம்பெனியில் துளைகளின் உட்சுவரைப் பார்க்க ஒரு குச்சிக் கண்ணாடி வைத்திருப்போம், பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி. அதை வட்டத் துளைக்குள் விட்டு, போன் வெளிச்சத்தை அடித்தேன். உள்ளே கழுத்துக் கட்டையில் எண் தெளிவாக இருந்தது. தாங்கு கட்டைகள் நான் ராத்திரியெல்லாம் படித்தபடியே ஒட்டியிருந்தன. ஒரு பாகமும் மாற்றப்படவில்லை.

டூப்பு டிரைவர் சொன்னதில் ஒரு நூல் பிசகில்லை.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ‘தெரியலைம்மா’ என்று சொல்லியிருக்கலாம். என் கட்டுப்பாடும் உடைந்திருக்காது, வியாபாரமும் கெட்டிருக்காது. அந்த அம்மா என்னிடம் விலை கேட்கவில்லை, ஒரு கேள்வி கேட்டார் என்பது இப்போது எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அப்போது எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் ‘ஒரு மன வாங்கலாம்’ என்பது மட்டும்தான். இது நிஜம் என்று சொன்னால் மனை விலையல்லவா கேட்பார்? நாக்கு முந்திக்கொண்டது.

“இது காப்பிம்மா. அந்தக் காலத்துல அமெரிக்கா பேர ஒட்டி ஆயிரக்கணக்குல செஞ்சு வித்தாங்க. ஸ்கூல் பசங்க பழகுற சாமான். அந்த ஆளு தூக்கிட்டுப் போகச் சோம்பல்பட்டு இவருகிட்டத் தள்ளிட்டுப் போயிருப்பான்.”

“அப்ப டூப்புதானுங்களா?”

“டூப்புதாம்மா.”

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். “நெனச்சேன்” என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார், என்னைப் பார்த்து இல்லை, வாசல் பக்கம் பார்த்து. “நெனச்சேன் சார், இதுவும் அப்பிடித்தான் இருக்கும்னு.”

ஆசைப்பட்ட மனை போனதே என்ற ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூவாயிரம் தருகிறேன் என்றேன்.

“எதுக்கு சார் அவ்ளோ? பசங்க பழகுற சாமானுக்கு ஆயிரம் போதாதா?”

“இருக்கட்டும்மா. ஞாயித்துக்கெழம வந்துட்டேன்” என்றேன். தாராள மனசு!

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். அலமாரிக்கு மேலே அந்த கிட்டாருடைய பெட்டி இருந்தது. உள்ளே ஊதா நிற வெல்வெட். அசல் பெட்டியோடு விற்றால் விலை இன்னும் ஏறும். அதில் அவர் புடவைகளை அடுக்கி வைத்திருந்தார். “வண்டியில கொண்டு போறப்ப அடிபடும், அந்தப் பொட்டிய வேணா குடுங்களேன்” என்றேன். அவர் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்து, பெட்டியைத் தட்டித் துடைத்து, “அந்துருண்ட வாசன அடிக்கும் சார், வெயில்ல வெச்சு எடுத்துக்குங்க” என்று கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பெங்களூரில் அதை வாங்கியவர் கடைக்காரர் இல்லை, சேகரிப்பவர். சொந்த வீடு, தனி அறை, கிட்டார்களுக்கு ஏசி. புதுக் கம்பி மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அந்த ஒலியை விவரிக்க எனக்குத் தகுதியில்லை. உரச் சாக்குக்குள் இருந்தது இதுதானா என்று இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அறையில் அந்துருண்டை வாசனை அடித்தது.

“யாருதுங்க இது?” என்று கேட்டார்.

“ஒரு டிரைவரோடது. இறந்துட்டாரு.”

“இது என்னன்னு தெரிஞ்சிருந்துதா அவருக்கு?”

“நல்லாத் தெரிஞ்சிருந்துது” என்றேன். என் வாயிலிருந்து அப்படி வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உத்தனப்பள்ளியில் சொல்ல முடியாததை, ஏசி அறையில் ஓர் அந்நியரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! அவர் கொடுத்த தொகையை இங்கே எழுதவில்லை. ராயக்கோட்டைப் பக்கம் உள்ளடங்கிய இடத்தில் ஒரு சின்ன மனை வாங்கலாம். அதிலும் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

வீட்டில் இந்தக் கதையை நடித்தே காட்டினேன். பெட்டியை எப்படிப் பேசி வாங்கினேன் என்ற இடத்தை இரண்டு முறை. மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். யானைக் கதைக்குச் சிரித்தாள். ஒன்பது களி உருண்டைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு சிரிக்கவில்லை.

“அந்தம்மா என்னா கேட்டாங்க?”

“நெசமா டூப்பான்னு.”

“நீங்க?”

“டூப்புன்னேன். வேற என்ன சொல்லுவாங்க, வெல பேசப் போன எடத்துல?”

அவள் கத்தியை வைத்தாள். “வெலையக் கொறச்சீங்க, சரி. அது உங்க புத்தி. செத்துப்போன மனுசன எதுக்குங்க கொறச்சீங்க?”

நான் வழக்கம்போல ஒரு ஜோக் அடித்தேன். அது என்ன ஜோக் என்று மறந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணத்தில் முதல் வேலையாக இரண்டு கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள். வந்த பிறகு ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பால் பாக்கெட்டை வைக்கும்போது, எடுக்கும்போது, அதன் கதவை மட்டும் மற்ற கதவுகளைவிட மெதுவாகச் சாத்துவாள். திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

ஐந்து மாதம் தாக்குப்பிடித்தேன். கம்பெனியிலும் ஒரு சின்னத் தொந்தரவு ஆரம்பித்தது. பட்டறைக்காரர்கள் சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஓகேவா சார்?” என்று முகத்தைப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அளவுகோலையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த பணத்தை, அது பாதிக்குமேல் இருந்தது, ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘அம்மா, உங்க வீட்டுக்காரரு சொன்னது அத்தனையும் நெசம். நான்தான் டூப்பு.’ கொஞ்சம் சிரிப்பும் இருக்கும், கொஞ்சம் மன்னிப்பும் இருக்கும். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. முகமெல்லாம் மலர, “வாங்க சார், வாங்க” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் கொண்டுவந்தார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தேன்.

“நீங்களே வந்துட்டீங்க. நானே அந்தக் கடக்காரர்கிட்ட ஒங்க நம்பரு கேக்கணும்னு இருந்தேன், ஒரு வார்த்த சொல்றதுக்கு” என்றார்.

“என்னம்மா?”

“அன்னைக்கு நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்கல்ல, அன்னைக்குத்தான் சார் நான் தூங்குனேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் கீழே உட்கார்ந்து, விரலில் இருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை உரித்துக்கொண்டே சொன்னார். கணவருக்கு இதயத்தில் அடைப்பு. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்யலாம் என்றார்களாம். இவர்களிடம் இருந்த காப்பீட்டு அட்டையை அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கையில் கட்டச் சொன்ன பணத்துக்கு வழியில்லை. அட்டையை ஏற்றுக்கொண்ட இன்னொரு இடத்தில் ஒரு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. அதற்காகக் காத்திருந்தார்கள்.

“அவரு கட்டில்ல படுத்துக்கிட்டு தெனமும் இதே பேச்சு. ‘அந்த கிட்டார வித்துடு, ஆபரேசனுக்கு ஆவும், பெங்களூருல யாருகிட்டயாவது காட்டு’ன்னு. நான், ‘உசுரு போற நேரத்துலயும் டூப்பு உடறியா’ன்னு திட்டினேன் சார். ஆமா, திட்டினேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. தேதிக்கு எட்டு நாளு இருக்கறப்ப போயிட்டாரு.”

மோர் டம்ளர் என் கையில் இருந்தது. குடித்தேனா என்று நினைவில்லை.

“அப்பறம் மூணு மாசம் எனக்கு இதே நெனப்பு. பூவக் கட்டறப்ப, சோறாக்கறப்ப, இதேதான். ஒருவேள அந்த ஒண்ணு மட்டும் நெசமா இருந்துச்சுன்னா? நெசமா இருந்திருந்தா, அவரக் கொன்னது நான்தானே சார்? யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல. அப்பறந்தான் கடக்காரரு, ‘ஓசூருல ஒருத்தரு இருக்காரு, பாத்த ஒடனே சொல்லிருவாரு’ன்னாரு. நீங்க வந்தீங்க. கண்ணாடியெல்லாம் உள்ள உட்டுப் பாத்து, டூப்புன்னு சொன்னீங்க. அன்னைக்கு என் மேல இருந்த பாறாங்கல்ல நீங்கதான் எறக்கி வெச்சீங்க.”

அன்று அவர் விட்ட அந்த நீள மூச்சு என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப சாதாரணமாக, ரசம் கொதித்துவிட்டதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் விரல் பிளாஸ்திரியை உரிப்பதை நிறுத்தியிருந்தது.

“அது ஒண்ணுமில்லாததுதானே சார்?”

இரண்டாவது முறையாக அதே கேள்வி. என் மடியில் பணம். ‘ஆமாம்’ என்றால் ஒரு மனிதர் இன்னொரு முறை பொய்யராகிறார். ‘இல்லை’ என்றால் இந்த அம்மா இனித் தூங்கப்போவதில்லை. வாழ்நாள் முழுக்க எதற்கும் எடுப்பாக ஒரு பதில் வைத்திருந்தவன் நான். மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஒண்ணுமில்லாததுதாம்மா” என்றேன். “எங்க தெருவுல ஒரு பொண்ணு பழகுது. தெருவே காலி பண்ணிட்டு ஓடுது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நீங்களும் அவர மாதிரியேதான் பேசறீங்க சார்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், அது நெசம்னு நம்பிக்கிட்டே போயிட்டாரு மனுசன்” என்றார்.

பையை எப்படிக் கொடுப்பது? எந்தக் காரணம் சொன்னாலும் அது உண்மையில் போய்த்தான் முடியும். கிட்டாரை ரிப்பேர் செய்து விற்றதில் கொஞ்சம் கூடக் கிடைத்தது என்று இரண்டாயிரம் எடுத்து நீட்டினேன். அந்தப் பொய் தாங்கக்கூடிய தொகை அவ்வளவுதான். வேண்டாம் வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்தி வைத்துவிட்டு எழுந்தேன். வண்டி வரை கூடவே வந்து, கொட்டகையில் காம்பு குட்டை என்று ஒதுக்கிய ரோஜாக்களைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். “இந்தக் காலத்துல யாரு சார் இப்பிடித் திரும்ப வந்து குடுக்கறாங்க” என்றார். வண்டியை உதைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். வெயில் உச்சியில். தக்காளிக் கூடைகள் அடுக்கிய லாரி ஒன்று பஞ்சராகி நின்றிருந்தது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் அது தோன்றியது, அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தபோதே தோன்றியிருக்க வேண்டியது.

அவர் தன் கணவர் பேச்சை நம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பெங்களூரில் அவருக்கு யாரைத் தெரியும்? அதே பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டிருப்பார். அவர் எனக்குத்தான் போன் செய்திருப்பார். ‘அண்ணா, உங்க ஐட்டம் ஒண்ணு கீது.’ நான் இட்லியை நின்றபடியே தின்றுவிட்டு வந்திருப்பேன். பக்கத்துக் கட்டிலில் அந்த மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு ‘இது அசல் சார்’ என்று சொல்லச் சொல்ல, குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, காப்பி என்றுதான் சொல்லியிருப்பேன். மூவாயிரம்தான் கொடுத்திருப்பேன். பெட்டியையும் கேட்டிருப்பேன். ஆபரேஷன் நடந்திருக்காது.

அப்படியென்றால் அந்த அம்மாவின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் விற்கக் கிளம்பியிருந்தாலும் வந்திருக்கப்போவது நான்தான். இதை அவரிடம் சொல்ல முடியும். ‘உங்க வீட்டுக்காரரு சொன்னது நெசம்மா. ஆனா நீங்க அன்னைக்கே வித்திருந்தாலும் நான் உங்கள ஏமாத்தித்தான் இருப்பேன்.’ அவ்வளவுதான். அந்த மனிதர் பொய்யர் இல்லை என்று ஆகியிருக்கும். அந்த அம்மா கொலைகாரி இல்லை என்று ஆகியிருக்கும். அவர் நம்புவாரா, நம்பினாலும் தூங்குவாரா, தெரியாது. ஆனால் அந்த வீட்டில் சொல்ல வேண்டிய உண்மை அது ஒன்றுதான். அதைச் சொன்னால் குறைவது நான் ஒருவன் மட்டும். தினத்தாளில் சுற்றிய ரோஜாவோடு என்னை வழியனுப்பிய அந்த முகம் பிறகு என்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

லாரி டிரைவர் போனை வைத்துவிட்டு, “தண்ணி இருக்குதா சார்?” என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். வண்டியைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரோஜாக்களை ஒரு சொம்பில் போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொம்பை ஜன்னல் ஓரம் வைத்தாள். “அப்ப நீங்க வேற என்னதான் சொல்ல முடியும்” என்றாள் கடைசியில். என் பக்கம் நின்று அவள் பேசியது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான். அதனால் பெட்ரோல் பங்கில் தோன்றியதை அவளிடமும் சொல்லவில்லை. பணத்தைப் பீரோவில் வைத்தாள். அதை நாங்கள் தொடுவதில்லை.

பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு தடவை போட்டோ அனுப்பினார். நான் பார்க்கவில்லை. “என்னாண்ணா, தொழில உட்டுட்டீங்களா?” என்றார். கை வலி, வாசிக்க முடிவதில்லை என்றேன். “எப்ப வாசிச்சீங்க?” என்றார்.

இதில் யாருடைய பெயரும் இல்லை. என் பெயர் போனால் நஷ்டமில்லை. அந்த டிரைவரின் பெயரைத்தான் போட்டிருக்க வேண்டும். இந்தக் கதையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர். முடியவில்லை. அந்த அம்மாவோ அவர் சொந்தக்காரர் யாராவதோ படித்துவிடுவார்களோ என்று பயம். நானே நேரில் போய்ச் சொல்லாமல் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. இங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைத்து வைக்கிறேன்.